ட்ராஹோமீராவின் கண்ணாடிக் குழாய்கள்

ஆலையில் கண்ணாடி ஊதிய காலத்தில் ஓட்டகார் ஒரே மூச்சில் பரங்கிக்காய் அளவுக்குச் சாடி ஊதுவான் என்று எங்கள் செக் நாட்டு ஊரான ஜெலெஸ்னி ப்ரோடில் இன்னும் பேசுவார்கள். அந்த மூச்சு போகவில்லை. போனது கையும் காலும். நரம்பு நோயில் கால் தசைகள் கட்டையாய் இறுகின. விரல்கள் ஓயாமல் நடுங்கின. வலிக்கு மருத்துவர் கஞ்சாப் பூ எழுதிக் கொடுத்தார். புகைக்காதே, சூடாக்கி ஆவியை மட்டும் இழு என்றார்.

அதற்கென்று ஒரு கருவி வாங்கினார்கள். விரல் நீளத்தில் ஓர் உலோகக் குழாய். நுனியில் பூவை அடைத்து மூடி போட்டு, சின்னச் சுடரில் கையால் உருட்டி உருட்டிக் காட்ட வேண்டும். பதம் வந்ததும் மூடி ‘டிக்’ என்று தெறிக்கும். உடனே சுடரை விலக்கிவிட்டு இழுக்க வேண்டும். ஓட்டகாரின் கைக்கு அது ஆகாது. மனைவி ட்ராஹோமீராதான் சூடாக்கி வாயில் வைப்பாள்.

‘டிக்’ கேட்ட பிறகும், “இன்னும் காட்டுடி, கஞ்சப்பிசினாறி!” என்பான். உலோகம் கொதித்து உதட்டைச் சுடும். அதற்கும் அவளுக்குத்தான் வசவு.

ட்ராஹோமீரா எங்கள் பட்டறையில் சுடரில் கண்ணாடி மணி செய்பவள். எனக்குப் பக்கத்து மேசை. வாய் வைக்கும் பகுதி கண்ணாடியாக இருந்தால் சுடாதே என்று அவளுக்குத் தோன்றியது. வேலை முடிந்ததும் உட்கார்ந்தாள். பூ அடைக்கும் உலோக நுனியை மட்டும் கழற்றி, ரப்பர் வளையத்தோடு இறுக்கமாய்ச் செருக ஒரு கண்ணாடிக் குழாய். நடுங்கும் விரலிலிருந்து நழுவாதிருக்க நடுவில் ஒரு புடைப்பு. ஆவி வளைந்து நெளிந்து ஆறி வர, உள்நோக்கி மாற்றி மாற்றிக் குழிகள். உலையில் மெல்ல ஆறவிட்டு, கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனாள்.

ஓட்டகார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. மணி பண்றவளுக்கு இந்த வேலை எதுக்குடி?” என்று சொல்லி, கல் தரையில் போட்டான்.

“கை நடுங்கித்தான் விழுந்துச்சோ?” என்று மறுநாள் கேட்டேன்.

“அப்ப மட்டும் நடுங்கவே இல்ல” என்றாள்.

அடுத்தது கோணல் என்று உடைந்தது. அதற்கடுத்தது, குழி ஆழம் போதாது என்று. கொடுமை என்னவென்றால், அவன் சொன்ன குறை ஒவ்வொன்றும் உண்மை. ஆலைக்காரன் கண் அல்லவா? அவள் துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டு மறுபடி சுடரைப் பற்றவைப்பாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று.

வசந்தத்தில் ஓட்டகாரின் பழைய ஆலைத் தோழன் ராடிம், முதுகு வலிக்காரன், தனக்கொன்று கேட்டான். அவனுடைய தடித்த விரலுக்கு ஏற்ப, அடர்பச்சைக் கண்ணாடியில் செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்கள் கேட்டார்கள். எல்லை தாண்டிப் போலந்திலிருந்தும் வந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் சமையலறையில் நாங்கள் சிலர் பீர் குடித்துக்கொண்டிருந்தோம். ராடிம் தன் குழாயை எடுத்து, “உன் பொண்டாட்டி கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா” என்றான்.

“குடு, பார்ப்போம்” என்றான் ஓட்டகார்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஒரு குறையும் அகப்படவில்லை. பிறகு மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு. பச்சைத் துண்டுகள் பீரில் விழுந்தன.

“கை நடுங்கிருச்சு” என்றான்.

ட்ராஹோமீரா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பழைய உலோகக் குழாயில் பூவை அடைத்து, எரியும் சிறு விளக்கோடு அவன் முன்னால் வைத்தாள்.

“இனிமே நீயே சூடு பண்ணிக்கோ, ஓட்டா.”

“என்னடி, ஆளுங்க முன்னாடி நாடகமா?”

“ஆளுங்க பார்க்கட்டும்.”

அவன் முயன்றான். சுடர் கட்டைவிரலைச் சுட்டது. மறுபடி முயன்றான், குழாய் உருண்டு மடியில் விழுந்தது. தோல் கருகிய நாற்றம் எழுந்தது. உதவ எழுந்த என்னை ராடிம் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். கண்ணில் நீர் வழிய ஓட்டகார் எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தான். ட்ராஹோமீரா சுவரில் சாய்ந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு காலையில் மட்டும் நகராட்சித் தாதி வந்து சூடாக்கிக் கொடுத்தாள். மற்ற வேளையில் வலியோடு கிடந்தான். விஷயம் கேள்விப்பட்டு லிபெரெட்ஸிலிருந்து அவன் அக்கா ப்ளாங்கா வந்தாள்.

“மனசு கல்லா உனக்கு? ஒரு நிமிஷ வேலைதானே!”

“அப்ப நீங்க கூட்டிட்டுப் போய்ப் பண்ணுங்க, ப்ளாங்கா. இன்னிக்கே.”

ப்ளாங்கா காப்பியைக் கலக்கினாள். “எங்க வீட்ல மாடிப்படி இருக்கே...” என்றாள். குடித்து முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அடுத்த அறையிலிருந்து ஓட்டகாருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“ட்ராஹோமீரா” என்று கூப்பிட்டான். ‘டி’ இல்லை. “ஒரே ஒரு தடவை. தயவு பண்ணு.”

போலந்துக்காரர்களின் குழாய்களைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து போனாள். அவன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.