டீ-ஷர்ட்டில் வந்த வாப்பா

பெரியபட்டினம் பாக்கர் இருபத்திரண்டு வருஷமாகத் துபாயில் சமையல்காரர். ஊருக்கு வரும்போதெல்லாம் விமானக் கம்பெனி அவரை ஏதாவது ஒரு விதத்தில் கவனித்தே அனுப்பும். மகள் சுஹாவின் நிக்காஹ்வுக்கு வந்தபோது உபசரிப்பு இன்னும் தடபுடல். முந்தின நாள் கிளம்பவேண்டிய விமானம் நிக்காஹ் அன்று விடியற்காலையில்தான் கிளம்பியது. காத்திருந்ததற்கு ஈடாக ஒரு பன் கிடைத்தது. வானத்தில் பணிப்பெண் அவர் சட்டையில் காபியைக் கொட்டினாள். உடனே பெரிய மனசோடு, கம்பெனி பெயர் போட்ட சிவப்பு டீ-ஷர்ட் ஒன்றைக் கொடுத்தார்கள். மதுரையில் இறங்கினால், கல்யாணச் சட்டை வைத்த பெட்டி வேறு எந்த நாட்டுக்கோ சுற்றுலா போயிருந்தது.

சம்மதம் சொல்லவேண்டிய வாப்பாவுக்காக மஹாலே காத்திருந்தது. பாக்கர் டாக்சியிலிருந்து இறங்கி அப்படியே உள்ளே ஓடினார்.

"கல்யாணத்துக்கு வார கோலமா இது?" என்று மனைவி மெஹருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் டீ-ஷர்ட்டை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கம்பெனியிலயா வேலை பாக்குறீக? போன வருஷம் என் பெட்டியத் தொலச்சீகளே!"

பாக்கர் மறுக்கவில்லை. "உக்காருங்க, விவரமாச் சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிரியாணி ஆறிப்போகும்வரை கேட்டார். அந்தக் கம்பெனி ஒரு பயணியின் குறையை முழுசாகக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.