ஸ்பாஞ்சுக்கு எத்தனை ஜி.எஸ்.எம்.?

"இந்த ஸ்பாஞ்சு எத்தனை ஜி.எஸ்.எம்.முங்க?"

போன வாரம் கோயமுத்தூரில் ஒரு டூல்ஸ் கடையில் இப்படிக் கேட்டவன் என் மனைவியின் தம்பி சிவராஜ். அவன் கையில் இட்லித் தட்டு அளவில் வட்டமான ஒரு ஃபோம் பேட். கார் பாலிஷ் மெஷினின் முன்னால் மாட்டுவது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற கணக்குதான் ஜி.எஸ்.எம். திருப்பூர்க் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்துச் சொல்லும் வார்த்தை. கனம் கூடினால் துணி உசத்தி. அவ்வளவுதான் எங்கள் ஊர் தத்துவம். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணை விட்டுவிட்டு ஜன்னல் திரையை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்த ஆள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். (நான் இல்லை.)

சரி, பனியன் தைக்கிறவனுக்குப் பாலிஷ் மெஷின் எதற்கு?

சிவராஜ் இத்தனை வருஷமாக ஜாப் ஒர்க் செய்கிறவன். அதாவது, ஆர்டர் யாருடையதோ, துணி யாருடையதோ... தைத்துக் கொடுப்பது மட்டும் இவன். முதல் தடவையாகச் சென்னை ஏஜென்ட் ஒருவர் ஒரு வெளிநாட்டுப் பையரை, அதாவது பனியன் வாங்க வருகிறவரை, நேரடியாக இவனிடம் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் ஆர்டர் இவன் பெயரில். பிடிக்காவிட்டால் பழையபடி ஜாப் ஒர்க். இந்த ஒரு வாய்ப்புக்காக அவன் நடையாய் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

யூனிட் முதலிபாளையம் பக்கம், சின்ன வாடகை ஷெட். அதை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கறுப்புக் கான்டெஸ்ஸா கார் மட்டும்தான். சாயப்பட்டறைப் புகையும் வெயிலும் பட்டு அது சிலேட்டு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"மச்சான், ஏர்போர்ட்ல எறங்குனதும் பையரு மொதல்ல பாக்கறது காரத்தானுங்க? கம்பெனி அப்புறந்தான" என்றான்.

மறுக்க முடியுமா? மறுத்தால் வீட்டில் ஒரு குரல் வரும். "என்ற தம்பிய ஏதாச்சும் சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காதே." அதனால் துணைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனுஷர். எடுத்ததும் கேட்டார்: "முன்னப் பின்ன பாலிஷ் போட்டுப் பழக்கமுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இத எடுங்க. வேகத்தக் கொறச்சு வெச்சுக்கலாம். மொதல்ல மெதுவா ஓட்டிப் பழகிக்கலாமுங்க."

மெதுவா? சிவராஜின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எங்கள் ஊரில் வேகம் குறைந்த மெஷினைக் காசு கொடுத்து யாராவது வாங்குவார்களா? புரொடக்‌ஷன் என்ன ஆவது? "இருக்கறதுலயே ஆர்.பி.எம். அதிகம் எதுங்க?" என்றான். வெல்டிங் பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டருக்கு அண்ணன் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். அதையே எடுத்தான்.

அடுத்தது பேட். "முன்னெல்லாம் உல்லன்தானுங்க. இந்த ஃபோம் இப்பத்தான் வருது" என்று மூன்று தினுசை எடுத்து வைத்தார் கடைக்காரர். கெட்டியாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பஞ்சு மாதிரி ஒன்று. கெட்டியானது ஆழமான கீறலை அறுத்து எடுக்க. மெத்தென்றிருப்பது கடைசியாகப் பளபளப்பு ஏற்ற. புதுசாகத் தொடங்குகிறவர்கள் மெத்தென்றிருப்பதை மாட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். போதாவிட்டால்தான் அடுத்தது. எவ்வளவு அழகாகச் சொன்னார்...

சிவராஜ் மூன்றையும் வாங்கிக் கசக்கினான். இழுத்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். "தண்ணி பட்டாச் சுருங்குமுங்களா?" என்று கேட்டான். அப்புறம்தான் அந்த ஜி.எஸ்.எம். கேள்வி. பதில் வராததால் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். கனமானது எது? கெட்டியானது.

"இதுதானுங்க குவாலிட்டி. மத்ததெல்லாம் லேசா இருக்குது."

கடைக்காரர் பில் போட்டார். போடும்போதே சொன்னார்: "அமுக்காதீங்க. ஒரே எடத்துல நிறுத்தாதீங்க. ஓரத்துக்குப் போகாதீங்க. வெயில்ல வெச்சுத் தேய்க்காதீங்க." ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கல்யாண வீட்டில் ஐயர் சொல்வதற்கெல்லாம் மாப்பிள்ளை தலையாட்டுவது போலத்தான்.

பையர் வருவதற்கு முந்தின நாள், உச்சி வெயிலில், ஷெட் வாசலில் வேலை தொடங்கியது. பாலிஷைச் சட்னி மாதிரி ஊற்றினான். மெஷினை ஆன் செய்தான். அது ஒரு துள்ளு துள்ளிப் பாலிஷை என் வெள்ளைச் சட்டையில் தெளித்துவிட்டு ஓடத் தொடங்கியது. அயர்ன் மாஸ்டர் காலரைத் தேய்ப்பாரே... அப்படி ஒரே இடத்தில் நின்று, உடம்பின் பாரம் முழுக்க இறக்கி அமுக்கினான். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஆரம்பிக்கச் சொன்னார் கடைக்காரர். இவன் ஆரம்பித்தது பானெட்டின் முன் முனையில்.

கருகிய வாடை வந்தது. "மாப்ளே, போதும்" என்றேன். மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது; டோர், டிக்கி என்று வண்டி முழுக்க ஒரு சுற்று வந்தான்.

துடைத்துப் பார்த்தால், வண்டி நெடுக வட்டம் வட்டமாகக் கோடு. பானெட் முனையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பே இல்லை. அடியில் பூசியிருந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

சிவராஜ் துணி ரோல் மேல் உட்கார்ந்துவிட்டான். "மச்சான், இதுவும் போச்சுன்னா இன்னம் ஊரான் பனியனத்தானுங்க தெச்சுட்டுக் கெடக்கோணும்." எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. நிஜமாகவே பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெளிந்தான். பையர் மறுநாள் சாயங்காலம்தான் வருகிறார். காலையில் பெயின்டரை வரச் சொல்லி டச்சப் செய்துவிடலாம். எங்கெங்கே கோளாறு என்று பெயின்டருக்குத் தெரிய வேண்டுமே? உள்ளே செக்கிங் டேபிளில் இருந்த செல்வியைக் கூப்பிட்டான். "அக்கா, இந்த வண்டியக் கொஞ்சம் செக் பண்ணிருங்க."

செல்வி என்ன செய்வார்? பனியனுக்குச் செய்வதைத்தான் செய்தார். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி வைப்பது செக்கிங் வழக்கம். டேபிளில் இருந்த இன்னும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டார். பானெட், டோர், டிக்கி எல்லாம் போய் வந்தார்கள். வேலை முடிந்தபோது கான்டெஸ்ஸாவுக்குச் சின்னம்மை போட்டிருந்தது.

"பாதிக்கு மேல ரிஜெக்ட்டுங்க" என்றார் செல்வி. இதற்கு ரிப்போர்ட் வேறு.

மறுநாள் காலை. பெயின்டர் வந்தாரா? வரவில்லை. வந்தது ஒரு வாடகைக் கார். அதிலிருந்து ஏஜென்ட் இறங்கினார். பின்னாலேயே ஆறரை அடி உயரத்தில் பையர். கிடைத்த முந்தின ஃபிளைட்டைப் பிடித்து வந்துவிட்டார்களாம். இவ்வளவு பாடும் ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பத்தானே? அதற்கே தேவை இல்லாமல் போய்விட்டது.

வாசலில் ஸ்டிக்கரோடு வண்டி நின்றது. பையர் ஷெட்டைப் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போனார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு அம்பாகப் பார்த்தார். சிவராஜின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"செக்கிங், சார்."

"காருக்குக் கூடவா?"

சிவராஜ் கைகட்டி நின்றான். "எவ்ரிதிங் செக்கிங், சார்."

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

பையர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்க டோரில், செல்வியின் கண்ணுக்குத் தப்பிய ஒரு கோட்டைக் கண்டுபிடித்தார். கையை நீட்டி ஒரு ஸ்டிக்கர் கேட்டார். தானே ஒட்டினார். அப்போதுதான் சிரித்தார்.

அப்புறம் உள்ளே போய் செக்கிங் டேபிளிலேயே பாதி நேரம் இருந்தார். செல்விக்குக் கை கொடுத்தார். சிவராஜ் பெயரில் ஒரு டிரையல் ஆர்டர் உறுதியானது. முதல் ஆர்டர். அவர்கள் போனதும், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா மச்சான், கார்தான்னு நாஞ் சொன்னனுங்களா?" என்றான். தப்பான மெஷின், தப்பான பேட், தப்பான இடம், தப்பான வெயில்... எல்லாம் சேர்ந்து சரியான ஆர்டர். வீட்டிலும் அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. சோறு இறங்கியது.

ஒருவனுக்கு ஒன்று பலித்தால் தெருவே அதைச் செய்யும். அதுவும் எங்கள் ஊர் தத்துவம்தான். இந்த வாரம் பார்க்கிறேன், எங்கள் தெருவில் நிற்கிற கார்களிலெல்லாம் சிவப்பு அம்பு. எதிர் கம்பெனிக்காரர் பாவம், ஷோரூமிலிருந்து புத்தம் புதுக் கார் எடுத்து வந்துவிட்டார். ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தும் ஒட்ட ஒரு இடம் கிடைக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சிவராஜிடம் வந்து, பாலிஷ் மெஷினை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.