ரஹீம் நானாவும் எங்கள் ஞானமுத்து ஐயரும்

ரஹீம் நானா மௌத்தாகிவிட்டார்.

லிந்துலை டவுனில் துணிக்கடை வைத்திருந்தாரே, அவர்தான். காலையில் அவருடைய மகன் போன் பண்ணி, "டீச்சர், வாப்பா போயிட்டாங்க... பகல் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றான்.

இப்போதுதான் போய்விட்டு வந்தோம். மனசு ஒரு நிலையில் இல்லை. யாரை இழந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை.

தொண்ணூறுகளில் டீச்சர் வேலை கிடைத்து லிந்துலைக்குப் போன புதிது. ஒரு ஸாரி எடுக்க அவர் கடைக்குள் நுழைந்தேன். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே துணியை விரித்தார்.

ஹட்டன் என்றேன். ஞானமுத்து ஐயர் என் அப்பாவுடைய தாத்தா என்றேன். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டம் தோட்டமாக நடந்து ஊழியம் செய்த போதகர் அவர். அந்தக் காலத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

நானா ஸாரியை அப்படியே விட்டுவிட்டார்.

"அப்ப நீங்க எனக்குச் சொந்தம் டீச்சர். எங்கட உம்மா ஐயர்ட மகள்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாப்பாவைக் கலியாணம் முடிப்பதற்காக உம்மா வீட்டை விட்டு வந்ததாகவும், அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை என்றும் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு வந்த கோபம்!

"ஐயருக்கு ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் ஆம்பளைங்க. கடைக்காரரு யாவாரத்துக்கு ஏதாச்சும் சொல்லுவாரு, நீயும் கேட்டுட்டு வந்து நிக்கிற."

உள்ளே இருந்த அத்தை மெதுவாக, "பொம்பளப் புள்ள ஒன்னு இருந்துச்சுல்ல அண்ணே... காய்ச்சல்ல செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்களே" என்றார்.

"நீ பாத்தியா? சும்மா இரு."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் நான் அந்தக் கடைக்குப் போவது நிற்கவில்லை.

பல வருஷம் கழித்து, கனடாவில் இருக்கும் தம்பி கம்ப்யூட்டரில் ஃபேமிலி ட்ரீ செய்யத் தொடங்கினான். ஐயரின் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பு என்று ஒரே நச்சரிப்பு. வழி தெரியாமல் நானாவிடம் கேட்டேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு அவரே கூட வந்தார், த்ரீவீலரில்.

தோட்டத்துச் சின்ன வேதக்கோயிலுக்குப் பின்னால், செடிகொடி மண்டிய பத்தைக்குள் ஐயரும் அவர் மனைவியும். பக்கத்தில் ஒரு குட்டிக் கல்லறை... எழுத்தெல்லாம் மழையில் கரைந்துபோயிருந்தது.

காய்ச்சலில் செத்த மகள் இவள்தான் என்றால் நானாவின் உம்மா யார்? நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "நானா, உம்மா ஐயருடைய சொந்த மகள்தானா?"

"பெத்த மகளா, எடுத்து வளத்த மகளா... எனக்குத் தெரியாது டீச்சர்."

"அன்னைக்கு மகள்னு சொன்னீங்களே!"

"உம்மா அவர அப்பான்னுதான் சொல்லுவாங்க. நான் வேற என்ன சொல்ல?"

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே இன்னொன்று சொன்னார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் ஐயர் குடையோடு வாப்பாவின் கடை வாசலில் வந்து நின்றாராம். உள்ளே வரவில்லையாம். சின்னப் பிள்ளைச் சட்டைக்குத் துணி வேண்டும் என்று கேட்டு வாங்கியவர், பார்சலை வாசல் மேசையிலேயே விட்டுவிட்டு நடந்துவிட்டாராம்.

வாப்பா பின்னால் ஓடிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அந்தத் துணியில்தான் நானாவுக்குச் சட்டை தைத்தார்களாம்.

"மறந்துட்டுப் போனாரா, வச்சிட்டுப் போனாரா டீச்சர்? உம்மாக்கிட்ட எத்தன தடவ கேட்டேன்... எழும்பி உள்ளுக்குப் போயிடுவாங்க."

இதை நான் தம்பிக்கு எப்படி விளக்குவது? "அக்கா, அவர எந்தக் கட்டத்துல போடுறது?" என்று கேட்டான். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இன்று காலை போன் வந்ததும் நான் தனியாகத்தான் கிளம்பினேன். அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வாறேன்."

எழுபதைத் தாண்டியவர். நானாவை ஒருநாள்கூட நேரில் பார்த்ததில்லை. பஸ்ஸில் தலவாக்கலை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நானாவின் வீட்டில் ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. நான் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்தார், அவ்வளவுதான்.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன்னால் வாசலில் ஒருவர் குரல் கொடுத்தார். "சொந்தக்காரங்க யாராச்சும் இன்னும் மொகம் பாக்கலன்னா வாங்க."

எனக்கு எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொந்தமா நான்? யாரிடம் கேட்பது? சொந்தம் என்று சொன்ன ஒரே ஆள் வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்கிறார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம். நானாவின் மகன் வந்து தோளைத் தொட்டதும்தான் நகர்ந்தார்.

அதற்குப் பிறகு நானும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஏன்ப்பா போனீங்க?"

"கூப்புட்டாங்க... போனேன்."

இப்போது அப்பா விறாந்தையில், காலில் போட்ட சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், நானா.