அண்டாவைத் திறக்கும் பொறுப்பு

பங்குனி வெயில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். அப்போது அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூல் மில்லின் கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தேன். காரியாபட்டியில் இரண்டாவது கேண்டீனும் கிடைத்தது. இரண்டு இடத்திலும் நானே நிற்க முடியுமா? ஆள் பழக்கித்தான் ஆகவேண்டும்.

பரளச்சியிலிருந்து கேண்டீன் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அருப்புக்கோட்டைக்குப் பொறுப்பாக்கப் பிடித்தேன். கெட்டிக்காரி. பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு வாய் எடுத்துத் தின்று பார்க்கவேண்டும். சந்தேகம் வந்தால் யார் கத்தினாலும் அண்டாவைத் திறக்கக்கூடாது. இதுதான் நான் சொல்லிக்கொடுத்தது. முதல் வாரம் உப்புக்கும் புளிக்கும் எனக்குப் போன் பண்ணினாள். எனக்கோ மூக்குமேல் கோபம்.

"ஏத்தா, எல்லாத்துக்கும் என்னையே கேட்டா உனக்கு எதுக்குப் பொறுப்பு? நீயே முடிவெடு. போனை வையி!"

அதோடு போன் வருவது நின்றது. நன்றாகப் பழக்கிவிட்டேன் என்று மிதப்பில் இருந்தேன்.

பங்குனியில் அவள் ஊர் அம்மன் பொங்கலுக்கு விரதக் காப்புக் கட்டினாள். பொழுது சாயும்வரை தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. கையில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன். "நல்லாக் கும்பிடு தாயி" என்று சொல்லவும் செய்தேன். அப்படியானால் சாப்பாட்டை யார் ருசி பார்ப்பார்கள் என்று இந்த மண்டையில் உறைக்கவில்லை. காரியாபட்டி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

அன்றைக்கு எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சட்னியும். விடிகாலையில் அரைத்த சட்னி அந்த வெக்கையில் கெட்டுப்போயிருக்கிறது. அவள் குனிந்து மோந்துதான் பார்த்தாள். பெருங்காயத் தாளிப்பு வாசனையில் ஒன்றும் பிடிபடவில்லை. மனசு கேட்காமல் எனக்குப் போன் பண்ணப் போனவள், "அக்கா ஏசுவாக" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அண்டாவைத் திறந்துவிட்டாளாம். சமையல்காரர் பிறகு சொன்னார்.

மூன்று மணிக்கு மில்லிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. ஓடி வந்து பார்த்தால், ஐயோ, ஷெட்டு வாசலெல்லாம் மில்லில் வேலை பார்க்கிற பொம்பளைப் பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். ஒருத்திக்குக் கண் சொருகிக்கொண்டு போனது. அவள் தலையை மடியில் வைத்து, வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள் நான் பழக்கிய பெண். எல்லாரும் பிழைப்பார்கள் என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த நிமிடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

மேனேஜர் வந்து நின்றார். "யாரு இதுக்குப் பொறுப்பு?"

 கேண்டீன் போகும், போலீஸ் வரும் என்று கணக்காக ஓடியது புத்தி.

"நாந்தான் சார்," என்றாள் அவள். "நாந்தான் அண்டாவைத் தொறந்து விட்டேன். அக்கா ஊர்லயே இல்ல."

விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வசவைப் பற்றியும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பாவி, அப்பாடா என்று மூச்சுத்தான் விட்டேன்.