நான் போடாமல் விட்ட நாலு ரப்பர்

“…நீங்க சொல்லுகது உண்மைன்னா, இப்போ போட்ட ரப்பரைத் திரும்பக் கழத்துங்க அண்ணே” என்று அந்தப் பெண் சொன்னாள். செய்த தப்பை ஒத்துக்கொண்டு நிற்கிறேன். திட்டுவாள், ஆபீசில் போய்ச் சொல்லுவாள் என்று பார்த்தால், அதே தப்பை இன்னொரு தடவை செய்யச் சொல்கிறாள்!

நடந்தது போன தை மாசம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடம். நான் ஏசி மெக்கானிக். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மெஷினைக் கழற்றிக் கழற்றியே தொழில் படித்தவன். வாய் கொஞ்சம் நீளம். நான் ஏசி மாட்டப் போனால் முதலில் வேர்ப்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் என்பாள் என் மனைவி. யார் வாயிலிருந்தாவது நல்லதாக ஒரு வார்த்தை விழுந்தால் அதை மனசில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அந்த அறையில் ஏசி தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயசுக்குள் இருக்கும். “செருப்பை வெளியே விட்டுட்டு மெதுவா வாங்க. சத்தமாப் பேசப்பிடாது” என்றாள்.

“பேசாம இருக்கதுக்குத் தனி சார்ஜ் ஆகும் மேடம்” என்றேன்.

சிரித்துவிட்டாள். “மேடம் எல்லாம் வேண்டாம் அண்ணே, நான் முட்டத்துக்காரி.” அதற்கப்புறம் எனக்கும் மேடம் வரவில்லை, மக்கா என்றுதான் வந்தது.

உள்ளே மொத்தமான ஒரு கருங்கல் பலகை, காற்றடைத்த கால்கள் மேல் நின்றது. அதன் மேலே ஃபிளாஸ்க் உயரத்தில் ஒரு கருவி. அணுவிசை நுண்ணோக்கியாம். நுண்ணோக்கி என்றால் கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை எங்கே என்று கேட்டேன்.

“இது பாக்கது இல்ல அண்ணே, தடவுகது” என்றாள். அவள் அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். கடலுக்கு அடியில் பாறையா மணலா என்று தெரியாத இடத்தில், ஈயக்கட்டி கட்டின கயிற்றை இறக்கித் தட்டித் தட்டிப் பார்ப்பாராம். இந்தக் கருவியிலும் அதே வேலையை ஒரு ஊசி செய்கிறது. அதன் நுனி நம் கண்ணுக்கே தெரியாது. அது ஏறி இறங்குவதை ஒரு லேசர் வெளிச்சம் கவனித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, வரி வரியாகப் படம் வளர்கிறது.

அவள் தடவிக்கொண்டிருந்தது நம் ரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம். காயம் பட்டால் ரத்தம் உறைகிறதே, அதற்கு நூலாக நிற்பது அதுதான். ஒரு தலைமுடியின் அகலத்தில் அதை வரிசையாகப் படுக்க வைத்தால் ஆயிரத்துக்கு மேல் கொள்ளும் என்றாள். அதில் ஒன்றே ஒன்றைத் தனியாகப் பார்ப்பதுதான் அவள் வேலை.

மைக்கா தகட்டின் மேல் செல்லோடேப்பை ஒட்டி ஒரே இழுப்பில் உரித்தாள். பழைய அயன்பாக்ஸுக்குள் இருக்குமே, அதே மைக்கா. அடியில் புதுத்தோல் மாதிரி பளிச்சென்று வந்தது. அதில் ஒரு சொட்டு புரதத் தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காற்றில் உலர்த்தினாள். பிள்ளைக்குக் கண்மை இடுகிற கை அவளுக்கு. மூச்சைக்கூட அந்தப் பக்கமாய்த் திரும்பித்தான் விட்டாள்.

ஆனால் படம் வந்தால் பட்டை பட்டையாகக் கோடு. கொஞ்ச நேரம் நன்றாக வரும், அப்புறம் கோடு விழுந்துவிடும். மூன்று மாசமாக இதே கதைதானாம். ஒட்டாமல் கிடக்கிற புரதம் ஊசி நுனியில் மாட்டி இழுபடுகிறதோ என்பது அவள் சந்தேகம். அறை ஏசியை அணைத்துவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்தும் பார்த்துவிட்டாள். “உன் கை சரியில்ல, வேற தலைப்பு எடுன்னு எங்க கைடு சார் சொல்லிட்டாரு. திங்கக்கிழமைக்குள்ள ஒரு நல்ல படம் காட்டணும்” என்றாள். சாதாரணமாகச் சொல்லப் பார்த்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். கம்ப்ரசர் எடுக்கிற, அதாவது ஓட ஆரம்பிக்கிற சத்தம். வேறு யார் காதிலும் விழாது; எனக்குச் சோறு போடுவதே இந்தக் காதுதான். திரையைப் பார்த்தேன். கோடு விழ ஆரம்பித்தது. சத்தம் நின்றது, கோடும் நின்றது.

அது எந்த மெஷின் என்று எனக்குத் தெரியும். பக்கத்து அறை, மருந்துச் சாமான் வைக்கிற குளிர் அறை. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஏசி. அதன் அவுட்டோர் மெஷினை ஐப்பசியில் இவள் அறையின் வெளிச்சுவரில் மாட்டியவன் நானேதான். அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதிர்வு சுவருக்குப் போகாமல் இருக்க ஸ்டாண்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் போடுகிற ரப்பர் பையில் இல்லை. அப்புறம் வந்து போட்டுக்கலாம் என்று இரும்போடு இரும்பாகவே போல்ட் முடுக்கிவிட்டுப் போனேன். அந்த ‘அப்புறம்’ மூன்று மாசமாக வரவே இல்லை. மெஷினின் நடுக்கமெல்லாம் சுவர் வழியாக இவள் ஊசிக்குப் போயிருக்கிறது.

இந்தக் கல்லூரியின் மொத்த ஏசி வேலையும் என் கையில்தான் இருந்தது. விஷயம் தெரிந்தால் போய்விடும். “வெளியே பைப்பை ஒரு பார்வை பாத்துட்டு வாறேன் மக்கா” என்று சொல்லிவிட்டு நழுவினேன். ஏணி போட்டு ஏறி, நாலு போல்டையும் தளர்த்தி, இப்போது பையில் கிடந்த நாலு ரப்பரையும் வைத்து, சத்தமில்லாமல் முடுக்கினேன். அவளுக்கும் படம் கிடைக்கும், எனக்கும் வேலை நிற்கும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் அவள் நாற்காலியில் இல்லை, திரைக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சுத்தமான படம். கறுப்புத் தரையில் குட்டிக் குட்டி நூல்கள், ஒவ்வொரு நூலிலும் மூன்று முடிச்சு. தோவாளைப் பூக்காரர் கட்டிப் பாதியில் கீழே போட்ட சரம் மாதிரி. நம் உடம்புக்குள் ஓடுகிற சாமான் இவ்வளவு அழகா என்று நானும் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

“பாத்தியளா அண்ணே! நீங்க வெளிய போன நேரத்துல புதுசா ஒரு தகடு வச்சேன். இந்தத் தடவை மூணு வாட்டி கழுவினேன், முன்னால ரெண்டு வாட்டிதான். தப்பு என் கையிலதான் இருந்திருக்கு. சார் சொன்னது சரிதான்” என்றாள். மேஜையிலிருந்த நோட்டை எடுத்து, கோட்டுக்குக் காரணம் சரியாகக் கழுவாதது என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். இனி அந்தக் கூடத்தில் எல்லோரும் மூன்று தடவைதான் கழுவப் போகிறார்கள்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பையைத் தோளில் மாட்டி வாசல் வரைக்கும் போனவன் திரும்பிவிட்டேன். “மக்கா, உன் கையில ஒண்ணுமில்ல. நாந்தான்” என்று ஆரம்பித்து, மழையையும் ரப்பரையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவள் நோட்டை மூடவில்லை. ஒரு நொடி அவள் கண் கலங்கியது, கோபமா ஆறுதலா தெரியவில்லை. அப்புறம்தான், முதலில் சொன்னேனே, போட்ட ரப்பரைத் திரும்பக் கழற்றச் சொன்னாள். ஏன் என்றதற்கு, “நான் சொன்ன கழுவலும் காரணமா இருக்கலாம், நீங்க சொல்லுகதும் இருக்கலாம். ஒண்ணை மட்டும் மாத்திப் பாத்தாத்தானே தெரியும்? நீங்க நல்லவருங்கிறதுக்காக நம்ப முடியுமா?” என்றாள்.

மறுபடி ஏணி. ரப்பரைக் கழற்றினேன். அதே தகடு, அதே ஊசி. கம்ப்ரசர் எடுத்தது, கோடு விழுந்தது. போட்டேன், போயிற்று. “இன்னொரு வாட்டி” என்றாள். கடைசியாக இறங்கி வந்தபோது, “இப்போ மாதிரி மூணு மாசம் முன்னால ஒரு வாட்டி ஏறியிருந்தா போதுமே அண்ணே” என்று ஒரு குத்து விட்டாள். திட்டு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆபீசில் நானே போய்ச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு போல்டைத் தொட்டால், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்களோ என்று நினைக்காமல் என்னால் முடுக்க முடிவதில்லை.

அந்தச் சனிக்கிழமை கடைசியாக அவள், நோட்டில் முதலில் எழுதியதைக் கிழிக்கவில்லை, மை பூசி மறைக்கவும் இல்லை. படிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு கிழித்து, நான் ரப்பர் போடாமல் விட்டதிலிருந்து நடந்ததையெல்லாம் கீழே எழுதி, அதற்கும் கீழே ‘கண்டுபிடித்தவர்’ என்று என் பேரைப் போட்டாள். “கெடுத்தவன்னு எழுது மக்கா” என்றேன். “அது மேல இருக்கு அண்ணே” என்று சொல்லி, சாட்சி கையெழுத்துப் போடுகிற இடத்தை எனக்குக் காட்டி, லென்ஸ் துடைக்கிற மெல்லிய காகிதத்தில் ஒன்றை உருவி கிரீஸ் படிந்த என் விரலுக்குக் கொடுத்துவிட்டு, பேனாவை நீட்டினாள்.