நிலாவரையில் போட்ட தேசிக்காய்

நனைந்த கம்பளிக் கோட்டின் மணமும் கறித்தூள் மணமும் ஒன்றாய்க் கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்...

எழுபதுகளின் கடைசி. யூலை மாதக் குளிர். சிட்னிக்கு மேற்கே, மலைமேல் இருக்கிற லூரா ஸ்ரேஷனில் இறங்கினால் எதிரே மலையுமில்லை, மரமுமில்லை. பனிமூட்டம், வெள்ளைப் புகார் மட்டும்தான். என் கோட்டுப் பைகள் இரண்டிலும் கறித்தூள் பைக்கற்றுகள்.

ஒளிப்பானேன்? நான் போனது யாவாரத்துக்கு.

பகலில் பக்டரி வேலை. பின்னேரங்களில் டூங்கபி, கிரவீன் பக்கமெல்லாம் பழைய காரில் அரிசி, பருப்பு, தூள் கொண்டுபோய் விற்பேன். அப்போது சிட்னியில் நம் ஆட்கள் எத்தனை பேர்? அவர்களை மட்டும் நம்பினால் கடை போட ஏலாது. வெள்ளைக்காரருக்கும் தூள் பழக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மோராக், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர். மாதக் கடைசி ஞாயிறுகளில் தன் நாட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு லூராக் காட்டுக்குள் நடப்பார். நடக்க நடக்க ஊர்க் கதைகள் சொல்லுவார். "இந்தப் புகார் எங்கட ஊர்ப் புகார் மாதிரியே இருக்கு" என்பார். இருபது பேராவது வருவார்களாம். அதைக் கேட்டதும் என் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

மனைவி ஈஸ்வரியையும் கூட்டிப்போனேன். அதற்கு வேறு காரணம்.

கலியாணம் முடித்து ஊரிலிருந்து வந்து அவளுக்கு ஒரு வருஷமும் ஆகவில்லை. பகல் முழுக்க வீட்டில் தனிய. இங்கிலிஷ் விளங்கும், ஆனால் வாய் திறக்க மாட்டாள். நடைக்கு முந்தின கிழமை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னாள்,

"இஞ்சருங்கோ, தம்பியின்ரை கலியாணத்துக்கு நான் வீட்டை போறன்."

"போட்டு எப்ப வாறீர்?"

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கத்திச் சத்தம் மட்டும்.

யாவாரி நான். வாங்காமல் போகிற ஆளை முகத்திலேயே கண்டுபிடிப்பேன்...

காட்டுக்குள் மோராக் கைத்தடியோடு முன்னே போனார். ஒரு கரிய பாறையைக் காட்டி, குளிர்காலத்தைக் கொண்டுவருகிற கிழவி அதற்குள் தூங்குகிறாள் என்றார். வந்தவர்கள் அந்தப் பாறையைப் பார்த்த பார்வையில் அவர்கள் சிட்னியில் இல்லை என்று தெரிந்தது. ஈஸ்வரி நிலத்தைப் பார்த்தபடி நடந்தாள். நான் இடையிடையே காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

சின்ன அருவி விழுகிற குட்டை ஒன்றின் கரையில் இருந்தோம். தன் ஊர் ஏரியில் தண்ணீர்க் குதிரை ஒன்று உண்டு என்றார் மோராக். கரையில் வடிவாய் நிற்குமாம். தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். ஆளோடு இறங்கிவிடும். அந்த ஏரிக்கு அடியே இல்லையாம்.

"அடியில்லையாமோ?" என்று கேட்டாள் ஈஸ்வரி. அன்று அவள் கேட்ட முதல் கேள்வி.

பிறகு மோராக் எங்களைப் பார்த்தார். "எங்கட ஊர் வழக்கம் ஒண்டு. முதல் கதை வீட்டுக்காரன் சொல்ல வேணும். அதுக்குப் பிறகு விடியும்வரை விருந்தாளி சொல்ல வேணும். நீங்கள்தான் இண்டைக்குப் புது விருந்தாளி."

"என்னட்டைக் கதை இல்லை, கறித்தூள்தான் இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஈஸ்வரி என் கையில் தட்டினாள். "நான் சொல்லுறன். நீங்கள் அவைக்கு இங்கிலிஷில சொல்லுங்கோ."

சொன்னாள். எங்கள் ஊரில், புத்தூர்ப் பக்கம் நிலாவரை என்று ஒரு கிணறு. படைக்குத் தாகமெடுக்க ராமர் அம்பு விட்டுத் திறந்தது. அதற்கும் அடியில்லை. தேசிக்காய், எலுமிச்சைதான், போட்டால் கடற்கரையில் இருக்கிற கீரிமலைக் கேணியில் போய் மிதக்கும் என்பார்கள். பள்ளிக்கூட நாளில் அவளும் சிநேகிதி ஒருத்தியும் தேசிக்காயில் ஊசியால் அடையாளம் கீறிப் போட்டுவிட்டு, கீரிமலைக்குப் போய்ப் பின்னேரம்வரை காவல் இருந்தார்களாம்... கையை ஆட்டி, கண்ணை உருட்டி நெடுநேரம் சொன்னாள். வந்ததிலிருந்து இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

நான் இங்கிலிஷில் சொன்னேன்: "ஒரு கிணறு இருக்கு. சரியான ஆழம். தேசிக்காய் போட்டால் கடற்கரையில வரும்."

மோராக் முகம் சுருங்கியது. "அவ இவ்வளவு சொன்னா, நீர் இவ்வளவுதான் தாறீர். சாமானும் இப்பிடித்தான் நிறுக்கிறனீரோ?"

அருவியை விடச் சிரிப்புச் சத்தம் பெரிதாய் இருந்தது. ஒரு கிழவர், "வந்துதா? தேசிக்காய் வந்துதா?" என்று ஈஸ்வரியையே கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழும்பி நின்று, தன் இங்கிலிஷிலேயே சொன்னாள்: "லைம் கேம். பட்... நொட் மை லைம்!"

வேறு ஆரோ போட்ட தேசிக்காய்! கிழவர் தொடையில் அடித்துச் சிரித்தார். மோராக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பிலோ வேறெதிலோ தெரியாது.

திரும்பும் ரெயினில் சப்பாத்தெல்லாம் ஈரம். அப்போதுதான் கோட்டுப் பையில் கை வைத்தேன். ஒரு பைக்கற்றுக்கூட வெளியே எடுக்கவில்லை! ஈஸ்வரி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்,

"அடுத்த மாசம் என்ன கதை சொல்லலாம்?"

நான் மூச்சுக் காட்டவில்லை. படிகிற பேரத்தில் வாய் திறக்கக் கூடாது.

தம்பியின் கலியாணத்துக்குப் போனாள். வந்தாள்.

மோராக் போய்ச் சேர்ந்து கன காலம். போன வருஷம் மகள் எங்களை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் கதை நடை ஒன்று, ஒன்லைனில் புக் பண்ணியது. காதில் மாட்ட ஒரு கருவி தந்தார்கள். வழிகாட்டிப் பெடியன் நல்லாய்த்தான் சொன்னான். ஏரிக்கரையில் அதே தண்ணீர்க் குதிரையும் வந்தது. முடிந்ததும் கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டான். எங்களிடம் ஒரு கதையும் கேட்கவில்லை... மோராக் என்றால் விட்டிருப்பாரா?

எல்லோரும் பஸ்ஸுக்குத் திரும்ப, ஈஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தாள். எப்போது வாங்கினாளோ! கொண்டை ஊசியால் ஏதோ கீறி ஏரிக்குள் போட்டாள்.

"எங்கை போய் மிதக்கும்?" என்றேன்.

"லூராவிலைதான். வாங்கோ, கெதியா வீட்டை போவம். வேறை ஆரும் எடுத்துப்போடுவினம்."