வரி கேட்டு வந்தவர்

தென்காசிப் பக்கம் ஒரு பேரூரில் தனியாக வசிக்கிறேன். தெருவிளக்குகூடப் போடாத பேரூராட்சிக்கு வரி எதற்கு என்று இரண்டு ஆண்டுகளாக வீட்டு வரி கட்டவில்லை. வசூலிக்க வருபவர் கதவைத் தட்டினால், ஆளில்லாததுபோல் இருந்துவிடுவேன்.

சாரல் விழுந்த ஒரு காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. கைப்பேசி கூடத்தில் இருந்தது. நண்பகலில்தான் கதவு தட்டப்பட்டது.

"அண்ணாச்சி, உள்ள இருக்கியன்னு தெரியும். இன்னைக்கும் ஒளிஞ்சு விளையாடுதியளோ?"

கத்தக் குரல் எழவில்லை. வழக்கம்போல் போய்விடுவாரோ என்ற பயத்தில் குவளையால் வாளியை அடித்தேன். பின்கதவை உடைத்து வந்தார்.

"வரியப் பொறவு பாப்போம். கையக் குடுங்க."

இடுப்பு தேறியதும் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டேன். விளக்குக்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறேன். இப்போது என் கதவைத் தட்ட யாருக்கும் காரணமில்லை; எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன்.